வாரியம் ஆழ்ந்து வருந்துகிறது

திங்கட்கிழமை காலைத் தபாலில் பூட்டுக்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. தடித்த காகிதம், கல்யாணப் பத்திரிகைக்குக்கூட யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள். மேலே நீல நிறத்தில் ஒரு நீர்த்துளி. துளிக்குக் கீழே குடிநீர் வாரியத்தின் பெயர். அதற்குக் கீழே மூன்று வரி இங்கிலீஷ். கடைசியில், எழுதாத பேனாவை உதறிப் பார்த்தது மாதிரி ஒரு கையெழுத்து.

பூட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. பூட்டுகளின் மேல் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயர்களை முகம் பார்த்து அடையாளம் சொல்வார், அவ்வளவுதான். ஆகவே கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனார். அங்கே டிக்ஷனரி குடியிருந்தார். கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கே பென்ஷன் தாளைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

டிக்ஷனரி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“உங்க வீட்டுக் குடிதண்ணி இணைப்பைத் துண்டிச்சதுக்காக வாரியம் ரெக்ரெட் பண்ணுதாம்.”

“அப்படின்னா?”

“வருத்தப்படுது.”

“துண்டிச்சதுக்கா? நான் இப்பத்தானேங்க முகம் கழுவிட்டு வர்றேன்.”

“அதையெல்லாம் இதுல கேக்க முடியாது. நான் முப்பது வருஷம் தட்டினதுல பாதி இந்த ஒரு வார்த்தைதான். வேலை இல்லேன்னு சொல்ல இது, லீவு இல்லேன்னு சொல்ல இது, சரக்கு கடல்ல போயிடுச்சுன்னா அதுக்கும் இதுதான். கையெழுத்துப் போட்டவன் எவனும் மூக்கை உறிஞ்சி நான் பாத்ததில்ல. ‘இல்லை’ங்கற வார்த்தைக்குக் கோட்டும் டையும் மாட்டி விட்டா அதுக்குப் பேரு ரெக்ரெட்.”

பூட்டுக்காரர் கீழே இறங்கி வந்து அடுப்படிக் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் தடதடவென்று கொட்டியது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி கையை இழுத்துக்கொண்டாள்.

“என்னங்க, குழாயைப் போய் வேவு பாக்கறீங்க?”

அவர் விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் துண்டிக்கப்பட்ட ஆள் வேறு எங்கேயோ இருக்கிறான். அவனுக்குப் போக வேண்டிய கடிதம் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார்.

“பாவம், வெறும் குழாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். அவனுக்கு உண்டான ஆறுதல் நம்ம வீட்டுல கிடக்கறது நல்லா இல்ல.”

“ஆறுதலைச் சொம்புல மோந்து குளிக்கப் போறானா? கிழிச்சுப் போட்டுட்டுக் கடையைத் திறங்க. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பொண்ணு பச்சைப் பிள்ளையோட வரா. ஆயிரம் வேலை கிடக்கு.”

மகளுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி தொட்டி கழுவி, கொடி கட்டி, பழைய வேட்டிகளையெல்லாம் கிழித்துத் துணி மடித்து வைத்திருந்தாள்.

ஆனால் பூட்டுக்காரருக்குத் தொழிலோடு ஒட்டிய இரண்டு நியாயங்கள் உண்டு. தனக்குச் சேராத சாவி கைக்கு வந்தால் உரியவனிடம் சேர்த்துவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவனிடம் கதவைத் திறக்கும் முன் பேரம் பேசக் கூடாது. கடிதமும் ஒரு சாவி மாதிரிதான் என்று அவருக்குப் பட்டது. போனார்.

குடிநீர் வாரியத்தின் கட்டடம் மூன்று மாடி. குழாய்ப் பிரிவு கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதில் ஒரே ஒரு ஃபிட்டரும் ஒரு ரெஞ்சும் இருந்தார்கள். இரண்டாம் மாடி முழுக்க வருத்தப் பிரிவு. வருத்தம் – வீடுகள், வருத்தம் – கடைகள், வருத்தம் – பொது என்று பலகை தொங்கிய மூன்று அறைகளில் முப்பத்தாறு பேர் தலை நிமிராமல் உறை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நாக்கு வறண்டுபோனவர்கள் தண்ணீர் குடிக்க எதிர் டீக்கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு. என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்ல சார். இது தப்பா எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. எங்க வீட்டுல தண்ணி வருது.”

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

“வருதா?”

“நல்லா வருது சார்.”

“எவ்வளவு நாளா?”

“பதினாலு வருஷமா.”

கண்காணிப்பாளர் ஒரு பேரேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. முகம் வெளுத்தது.

“நாப்பத்தோராயிரத்து இருநூத்தி ஏழு. வீட்டு எண் பதினெட்டு. வருத்தம் போயிருக்கு. துண்டிப்பு நடக்கல.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க நேர்மையான மனுஷன். வேற யாராவதா இருந்தா கமுக்கமா தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. எங்க பக்கம் பெரிய தப்பு நடந்துபோச்சு.”

“பரவாயில்ல சார். மனுஷன்னா தப்பு நடக்கும்.”

“இல்லைங்க, உங்களுக்குப் புரியாது. வருஷத்துக்கு நாப்பத்தஞ்சாயிரம் வருத்தம் அச்சடிச்சு வாங்கறோம். வருஷ முடிவுக்குள்ள அனுப்பித் தீர்க்கணும். மிஞ்சினா, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு வருத்தம்னு மேலிடத்துல அடுத்த வருஷம் குறைச்சுடுவாங்க. அதனால தெருத் தெருவா வரிசைப்படி அனுப்பிக்கிட்டு வர்றோம். இந்த வேகத்துக்குக் குழாய்ப் பிரிவு ஈடு கொடுக்க மாட்டேங்குது. ஒரே ஆளு, ஒரே ரெஞ்சு. செய்யாத காரியத்துக்கு வாரியம் வருத்தப்பட்டுச்சுன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா, எங்க வார்த்தைக்கு என்ன மதிப்பு?”

பூட்டுக்காரர் யோசித்தார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

“கவலைப்படாதீங்க,” என்றார் கண்காணிப்பாளர். எழுந்து நின்று கை குலுக்கினார். “இன்னிக்கே சரி பண்ணிடறேன்.”

பூட்டுக்காரர் நடந்து வீடு வந்து சேர்வதற்குள் சரி பண்ணியிருந்தார்கள்.

வாசலில் ஃபிட்டர் குந்தியிருந்தார். ஒரு முழம் குழாயை அறுத்து எடுத்து, இரண்டு முனையையும் அடைத்து, ஈய முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். அறுத்த குழாயை ஃபிட்டர் துணியில் சுற்றிப் பையில் வைத்தார்.

“அது எதுக்குய்யா?”

“சாட்சிக்கு. துண்டிச்சதுக்கு அத்தாட்சி கேக்கறாங்க.” அவர் பூட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். “அவசரம்னு எழுதிக் குடுத்தாருங்க. இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷத்துல அவசரம்னு எழுதின தாளை இப்பத்தான் பாக்கறேன்.”

“உனக்கே இது நியாயமாப் படுதா?”

“படலைங்க. ஆனா வருத்தம் தெரிவிக்க எனக்கு அதிகாரம் கிடையாது.”

முத்திரையைத் திறக்கப் பூட்டுக்காரருக்கு ஒரு நிமிஷம் போதும். திறந்தால் ஆறு மாதம் ஜெயில் என்று முத்திரையின் மேலேயே பொறித்திருந்தது. அதை மட்டும் வாரியம் தமிழில் போட்டிருந்தது.

மனைவி அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அந்த ஆறுதல் உரியவனுக்குப் போய்ச் சேந்துடுச்சா?”

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் வாரியத்துக்குப் போனார். கண்காணிப்பாளர் அவரைப் பழைய சிநேகிதர் மாதிரி வரவேற்று, உடனே மறு இணைப்பு கேட்கக் கூடாது என்று விளக்கினார். வருத்தம் தெரிவித்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் வருத்தக் காலம். அதற்குள் தண்ணீர் விட்டால், தெரிவித்த வருத்தத்தில் இத்தனை நாள் வீண் என்று தணிக்கையில் எழுதிவிடுவார்கள்.

“பொண்ணு பச்சை உடம்போட வரா சார். பிள்ளை பிறந்து பத்து நாள் கூட ஆகல.”

“ரொம்ப சந்தோஷம். பையனா, பொண்ணா?”

“பொண்ணு.”

“லட்சுமி வந்திருக்கா,” என்று சொல்லிவிட்டுக் கண்காணிப்பாளர் அவரைச் சட்ட ஆலோசகரிடம் அனுப்பினார்.

சட்ட ஆலோசகர் ஒரு அம்மாள். வாரியத்தின் வருத்தக் கடிதத்தை எழுதியது அவர்தான். ஒரே ஒரு கடிதம், மூன்றே வரி, எழுத நான்கு வருஷம் ஆயிற்றாம். அது சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

“ஏம்மா, இதைத் தமிழ்ல எழுதியிருந்தா எனக்கு முதல்லயே புரிஞ்சிருக்குமே,” என்றார் பூட்டுக்காரர்.

“அதுதானே பிரச்சினை. உக்காருங்க. தமிழ்ல எழுதிப் பாக்காம இருப்போமா? முதல்ல ‘மன்னிக்கவும்’னு போட்டோம். யாரை மன்னிக்கணும்னு கேட்டு ஜனங்க படியேறி வந்துட்டாங்க. ‘தவறு நேர்ந்துவிட்டது’ன்னு மாத்தினோம். தவறுன்னு சொன்னா, செஞ்சவன் எவன்னு வந்து நிக்கறாங்க. சரி, ‘வருந்துகிறோம்’னு போட்டுப் பாத்தோம். ஒரு பூக்காரம்மா நேர்ல வந்துட்டாங்க. ‘யாருப்பா வருந்தறது, நான் ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிட்டுப் போறேன்’னு ஒவ்வொரு மேஜையா தேடினாங்க. மூணு மாடியும் தேடியும் ஆள் கிடைக்கல. ரொம்ப அசிங்கமாப் போச்சு.”

“இங்கிலீஷ்ல எழுதினா?”

“யாரும் வர்றதில்ல. அந்த வார்த்தை ஒரு நல்ல கதவு மாதிரி. வெளியிலேர்ந்து பாத்தா மரியாதையா இருக்கும், உள்ள யார் இருக்காங்கன்னு தெரியாது. செஞ்சதுக்கும் அதுவே, செய்யப் போறதுக்கும் அதுவே, செய்ய மாட்டோம்னு சொல்லவும் அதுவே. கோர்ட்டுல காட்டினா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாது. வீட்டுல காட்டினா ஒத்துக்கிட்ட மாதிரியே இருக்கும்.”

“அப்ப உள்ளுக்குள்ள யாருமே வருத்தப்படலையாம்மா?”

சட்ட ஆலோசகரின் முகம் மாறியது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“ஒருத்தர் இருந்தார். எங்க பிரிவுலேயே நல்ல கிளார்க்கு. கடிதத்தை உறையில போடறதுக்கு முன்னாடி பேரைப் படிச்சுப் பாத்துட்டுப் பெருமூச்சு விடுவார். ஒரு தடவை கண்ணு கலங்கி மை கலைஞ்சுபோச்சு. அப்பறம் இங்க வச்சுக்க முடியல. படிக்கட்டுக்கு அடியில போட்டுட்டோம், ரெஞ்சு குடுத்து.”

பூட்டுக்காரர் கேட்டது தண்ணீர். சட்ட ஆலோசகர் கோப்பில் எழுதியது: பயனாளிக்கு அனுப்பிய வருத்தம் போதவில்லை, மேல் வருத்தம் கோருகிறார். கோப்பு மூன்றாம் மாடிக்குப் போயிற்று.

வியாழக்கிழமை மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள். “அம்மா, தண்ணி வந்துடுச்சா?” அடுத்த தெருப் பம்பிலிருந்து ஐந்தாவது குடம் தூக்கிக்கொண்டு வந்த மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு, வந்துடும் என்றாள். பின்னாலிருந்து சம்பந்தியம்மாள் போனை வாங்கினாள். “தப்பா நினைக்காதீங்க. தண்ணி இல்லாத வீட்டுக்குத் தையல் போட்ட உடம்பையும் பிறந்த பிள்ளையையும் என்னால அனுப்ப முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்க கிணறு இருக்கு.” அந்த ஊருக்கு ஒன்றரை நாள் ரயில். மனைவி போனை வைத்துவிட்டு, மடித்து வைத்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் இயக்குநர் அழைத்திருந்தார்.

இயக்குநரின் அறை பூட்டுக்காரர் வீட்டைவிடப் பெரியது. அறைக்குள்ளேயே சொந்தக் கழிப்பறை. கழிப்பறைக்குப் புதுக் கதவு, கதவுக்குப் பளபளவென்று வெளிநாட்டுக் குமிழ்ப் பூட்டு. மேஜை மேல் தங்கக் கரை போட்ட ஒரு கடிதம். பக்கத்தில் போட்டோக்காரர்.

“நூத்துல ஒருத்தருக்குத்தான் இது கிடைக்கும்,” என்றார் இயக்குநர். “முன்னது சாதா வருத்தம். இது ஆழ்ந்த வருத்தம். இதுல என் கையெழுத்து.”

“தண்ணி சார்...”

“தண்ணி, தண்ணி, தண்ணி. நான் சேந்தப்ப இந்த வாரியமும் அப்படித்தான் இருந்துச்சு. எப்ப பாத்தாலும் தண்ணிப் பேச்சு. இன்னிக்குத் தண்ணி குடுத்தா நாளைக்கும் கேப்பாங்க. ஒரு மணி நேரம் குடுத்தா ரெண்டு மணி நேரம் கேப்பாங்க. ஒரு நாள் உக்காந்து யோசிச்சேன். தண்ணியைத் தினமும் குடுக்கணும், வருத்தத்தை ஒரு தடவை குடுத்தாப் போதும். தண்ணிக்கு வறட்சி உண்டு. வருத்தத்துக்கு உண்டா? குழாய் உடைஞ்சா வருத்தம் ஒழுகுமா? நான் பொறுப்பேத்தப்ப ஃபிட்டர் நாப்பது பேரு, கடிதம் எழுத ஒரு ஆளு. இப்ப பாருங்க. அஞ்சு வருஷமா சிறந்த வாரியத்துக்கான கேடயம் நமக்குத்தான். அதைக் குடுக்கற துறையும் ரொம்ப நாளா தண்ணியைப் பத்திக் கேக்கறதில்ல.”

போட்டோக்காரர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இயக்குநர் வருத்தமான முகத்தைக் கொண்டுவந்தார். பூட்டுக்காரரைச் சிரிக்கச் சொன்னார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அவர் கண் கழிப்பறைக் கதவில் இருந்தது.

“சார், அந்தக் கதவை உள்ளேர்ந்து சாத்தாதீங்க. பூட்டோட நாக்கைத் தலைகீழா மாட்டியிருக்காங்க. ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் கடிச்சுக்கும், உள்ள இருக்கறவர் வெளிய வர முடியாது. பையில திருப்புளி இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. காசு வேண்டாம்.”

இயக்குநர் வருத்தமான முகத்தைக் கலைக்காமலே சொன்னார்: “எழுத்துல குடுங்க.”

டிக்ஷனரியிடம் எழுதி வாங்கிக் கொடுத்தார். நான்கு நாளில் பதில் வந்தது. அவருடைய ஆலோசனையை ஏற்க இயலாமைக்கு வாரியம் ரெக்ரெட் பண்ணியிருந்தது. டிக்ஷனரி அதைப் பாதியாக மடித்துக் கொடுத்தார். “இதைப் பத்திரமா வச்சுக்கங்க. முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், இந்த வார்த்தை வந்த இடத்துல அடுத்ததா ஏதாவது ஒடையும்.”

வெள்ளிக்கிழமை விடிந்தது. மகளை மூன்று மணிக்குக் கார் வைத்துக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு, தண்ணீர் வந்தால். பூட்டுக்காரர் ஈய முத்திரையை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டாள். “நீங்க உள்ள போயிட்டா குடம் யாரு தூக்கறது? கடைக்குப் போங்க.”

பதினொரு மணிக்குக் கண்காணிப்பாளர் கடை வாசலில் வந்து நின்றார். ஓடி வந்ததில் கண்ணாடி முதுகுப் பக்கம் தொங்கியது.

“உடனே வாங்க. இயக்குநர் உள்ள மாட்டிக்கிட்டார். ஒம்பதரைக்குப் போனவர்.”

“கழிப்பறையா?”

“ஆமா.”

“தீயணைப்புக்குச் சொன்னீங்களா?”

“சொன்னோம்.” கண்காணிப்பாளர் தரையைப் பார்த்தார். “அவங்க வருந்தறாங்களாம்.”

பூட்டுக்காரர் போனார். மூன்றாம் மாடியில் முப்பத்தாறு பேரும் நின்றிருந்தார்கள். சட்ட ஆலோசகர் முன்னால் நின்றார். அசௌகரியத்துக்கு உள்ளானவருக்கு உடனடியாக வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற விதிப்படி, கதவுக்கு அடியில் ஒரு கடிதம் நுழைக்கப்பட்டிருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. தங்கக் கரை போட்டது.

பூட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துக் கதவருகே போட்டு உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ கதவுகள். எதன் முன்னாலும் அவர் உட்கார்ந்ததில்லை.

“யாரது?” என்றது கதவு.

“பூட்டுக்காரன் சார். வீட்டு எண் பதினெட்டு. ஆழ்ந்த வருத்தம்.”

“சீக்கிரம் திறய்யா.”

“திறக்கலாம் சார். இந்தப் பூட்டைப் பத்தி உங்க கடிதம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. ஆலோசனையை ஏத்துக்க முடியலன்னு போட்டிருக்கீங்க. அதுக்குத் தொண்ணூறு நாள் ஓடிட்டிருக்கு. இப்ப திறந்தா, உங்க வருத்தத்துல எண்பத்தஞ்சு நாள் வீணாப் போகும். தணிக்கையில கேப்பாங்க.”

 உள்ளே குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. திருகத் திருக வெறும் காற்று.

“இங்க ஏன் தண்ணி வரல? யாரு அங்க?”

கண்காணிப்பாளர் கதவருகே குனிந்தார். “சார், நம்ம கட்டடத்துக்கும் முந்தாநாள் ஒரு வருத்தம் போயிடுச்சு சார். பட்டியல்ல இந்தத் தெரு வந்துடுச்சு. இன்னிக்குக் காலையில துண்டிச்சாச்சு சார். வேலை சுத்தமா நடந்திருக்கு.”

பூட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

“சார், விளையாட்டு போதும். தண்ணி இல்லாத இடத்துல ரெண்டு மணி நேரம் இருக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாங்க ரெண்டு பேரும் பதினொரு நாளா இருக்கோம். மூணு மணிக்கு எங்க பொண்ணு கார்ல ஏறணும். தண்ணி இல்லேன்னா ஏற மாட்டா, ரயில்லதான் ஏறுவா. எனக்கு வேண்டியது ஒரு முழம் குழாய். அது எங்க இருக்குன்னும் தெரியும். படிக்கட்டுக்கு அடியில, துணியில சுத்தி வச்சிருக்காங்க.”

“வருத்தக் காலத்துக்குள்ள மறு இணைப்பு கொடுக்க விதியில இடமில்ல,” என்றார் சட்ட ஆலோசகர்.

“நீ சும்மா இரும்மா,” என்றது கதவு.

கதவுக்கு அடியிலிருந்த கடிதம் மெல்ல உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் வெளியே வந்தது. அதன் பின்பக்கத்தில் இயக்குநர் தன் கைப்பட, தமிழில், எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்: வீட்டு எண் பதினெட்டுக்கு உடனே தண்ணி விடவும். கீழே கையெழுத்து. இந்தத் தடவை பேனா நன்றாக எழுதியிருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த ஃபிட்டர் அதை வாங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார். அப்படி ஒருவர் அந்தப் படிக்கட்டில் இறங்கி அங்கே யாரும் பார்த்ததில்லை.

காத்திருந்தார்கள். முப்பத்தாறு பேருக்கும் செய்ய வேலை இல்லை. கதவு இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் இருமிவிட்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது மாதிரி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது:

“மன்னிச்சிடுங்கய்யா. நான் செஞ்சது தப்பு.”

சட்ட ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். “யாரும் எழுதாதீங்க,” என்றார் பின்னால் திரும்பாமல்.

பன்னிரண்டே காலுக்குப் பூட்டுக்காரரின் போன் அடித்தது. மனைவி.

“வருதுங்க. முதல்ல துருவா வந்துச்சு, இப்ப தெளிஞ்சிடுச்சு.”

“குழாய்கிட்ட போனைக் காட்டு.”

அவள் காட்டினாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தை அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பக்கத்தில் நின்ற கிளார்க் ஒருவர் எட்டிக் கேட்டுவிட்டு நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். பூட்டுக்காரர் போனை வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார். சொன்னபடி இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. கதவு திறந்ததும் முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். மரியாதைக்காக அல்ல.

அன்று சாயங்காலம் மகள் உள்ளறையில் தூங்கினாள். பிள்ளை அவளைவிட நன்றாகத் தூங்கியது. பூட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன?” என்றாள் மனைவி.

“உள்ள மாட்டினவன்கிட்ட பேரம் பேசிட்டேன். இத்தனை வருஷத்துல பேசினதில்ல.”

“வருத்தமா?”

“ஆமா.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சரி, இருக்கட்டும். அதை யாருக்கும் எழுதிப் போட்டுடாதீங்க.”

அடுத்த வியாழக்கிழமை தபாலில் தடித்த காகிதம் ஒன்று வந்தது. டிக்ஷனரி அதை மாடிப்படியில் நின்றுகொண்டே இரண்டு தரம் படித்தார்.

“நான் தட்டாத வகை இது,” என்றார். “சொன்ன தேதியில, சொன்ன நேரத்துல, சாத்தின கதவுக்குள்ளேர்ந்து இயக்குநர் தவறுதலா உங்களுக்கு ஒரு மன்னிப்பு குடுத்துட்டாராம். வாரியத்துல அப்படி ஒண்ணு கையிருப்புலயே கிடையாதாம். அதனால அதை ஏழு நாளுக்குள்ள திருப்பி ஒப்படைச்சுட்டு, பதிலுக்கு ஒரு ரெக்ரெட் வாங்கிக்கச் சொல்றாங்க.”

பூட்டுக்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்படி ஓரத்தில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் பேத்தியைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது.

“என்னவாம்?”

“அன்னிக்குக் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் கேக்கறாங்க.”

அவள் ஒரு சொம்பு வெந்நீரை விளாவி, கையில் தொட்டுப் பார்த்து, பிள்ளையின் முதுகில் ஊற்றினாள். தண்ணீர் வழிந்து, தரையோடு ஓடி, மூலை ஓட்டை வழியாக வெளியே இறங்கியது.

“இந்தத் தண்ணியோடதான் போயிட்டிருக்கு. சாக்கடை வாரியத்து வாசல் வழியாத்தான் போகுது, அங்க நின்னு பிடிச்சுக்கச் சொல்லுங்க.”